கடைமடையில் தேங்கும் காற்று

மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் பாதையில் உள்ள தாராபுரத்துக்கு இரு பக்கமும் கடல் என்றாலும், அவ்விரண்டும் ஒரே தன்மையான கடல்கள் அல்ல. மன்னார்த் தீவின் வடக்கே விரியும் பாக்கு விரிகுடா பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குள் அடங்கிவிடும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவோ கரையை விட்டு விலக விலக இறங்கிக்கொண்டே போவது. கடலட்டைக்கும் சங்குக்குமாகச் சுழியோடும் தொழிலாளர்களின் தோளிலும் முழங்கையிலும் முழங்காலிலும் எழும் வலியைப் புரிந்துகொள்வதற்கு இந்த ஆழ வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அவ்வலிகளில் ஒருவகை வயதாலும் உழைப்பாலும் வருவதன்று, ஆழத்தால் வருவது. அதையும் பிற மூட்டுவலிகளைப் போலவே எண்ணி, எண்ணெய் தேய்த்துப் படுத்துவிட்டால், விடியும்போது கால்கள் மரத்துப் போயிருக்கவும் கூடும்.

இக்கரையில் கடலடிக்குச் செல்வது புதிய தொழில் அன்று. அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே கடலுக்கடியில் இருக்கும் 'பார்' எனப்படும் முத்துச்சிப்பித் திட்டுகளில், சோளகக் காற்று எழுவதற்கு முந்திய அமைதியான மாதங்களில், கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த சுழியோடிகள் உள்ளூராரோடு சேர்ந்து முத்துக்குளித்தனர். கல்லின் பாரத்தால் இறங்கி, கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் இட்டு, மேலே கயிறு பிடித்திருப்பவருக்குச் சைகை காட்டி ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்துக்குள் ஏறிவிடுவதே அவர்கள் முறை. 1905இல் மிகப் பெருமளவில் நடந்த அந்தக் குளிப்பு, அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே சிப்பிகள் அற்றுப்போனதால் நின்றுபோய், 1925இல் ஒருமுறை நடந்ததோடு இலங்கையில் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. அந்த முறையில் மூச்சுத்திணறலும் சுறாவும் நீருக்கடியில் நினைவிழத்தலும் அச்சுறுத்தினவே அன்றி, இன்று பேசப்படும் மூட்டுவலி பெரிதாக அச்சுறுத்தவில்லை. ஒரு நெஞ்சு நிறைந்த காற்றோடு மட்டும் இறங்கி, ஒரு நிமிடத்தில் மேலே வந்துவிடுபவரின் உடலில் கரைந்து சேரக்கூடிய வாயு மிகச் சொற்பம் என்பதே அதற்குக் காரணம். அதிலும் விலக்கு உண்டு: பசிபிக் பெருங்கடலின் துவாமோத்துத் தீவுகளில் 30, 40 மீற்றர் ஆழத்துக்கு நாள் முழுதும் இடைவெளியின்றி மூச்சடக்கி இறங்கிய முத்துக்குளிப்போருக்கு மயக்கமும் பக்கவாதமும் வந்ததும், அதை அவர்கள் 'தாரவானா' என்று அழைத்ததும் 1960களில் பதிவாயின.

முதுகில் சிலிண்டரைச் சுமந்து இறங்கும் முறை இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரத்துடன் இங்கு பிடிக்கப்படும் கடலட்டை உள்ளூரில் எவர் தட்டிலும் விழுவதில்லை. அவித்து உலர்த்தி ஹொங்கொங், சிங்கப்பூர், சீனா என்று ஏற்றுமதியாகிறது. அவற்றின் விலை ஏற ஏற, கரையை அண்டிய அட்டைகள் தீர்ந்துபோக, சுழியோடிகள் இன்னும் ஆழத்துக்கும், ஒரு நாளில் இன்னும் பல சிலிண்டர்களுக்கும் தள்ளப்படுகின்றனர். இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: தாராபுரத்து மக்கள் உட்பட வடமாகாண முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களில் ஆண்டுக்கணக்கில் அகதிகளாக வாழ நேர்ந்தது; போர் முடிந்த 2009க்குப் பின்னரே பெரும்பாலானோர்க்குத் திரும்பும் வழி திறந்தது. மூத்தவர் இளையவருக்குக் கடலைக் கற்றுக்கொடுக்கும் தொடர்ச்சி அறுபட்டுக் கிடந்த ஒரு கரைக்கு, கற்றுக்கொள்ளாமல் கையாளவே கூடாத ஒரு கருவி வந்து சேர்ந்தது என்பதை இவ்விடத்தில் மறக்கலாகாது.

அக்கருவி தருவது ஒட்சிசன் அன்று, சாதாரணக் காற்று. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். நிலத்தில் வாழ்பவருக்கு அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. நீருக்குள் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் கடல்மட்டத்தில் உள்ள வளிமண்டல அமுக்கத்துக்கு நிகரான இன்னொரு பங்கு அமுக்கம் உடல்மேல் கூடுகிறது. 20 மீற்றரில் மூன்று மடங்கு, 30 மீற்றரில் நான்கு மடங்கு. சுற்றியுள்ள நீரின் அமுக்கத்துக்கு ஏற்பவே சிலிண்டரின் கருவி காற்றைத் தருவதால், சுழியோடி ஒவ்வொரு மூச்சிலும் செறிந்த நைதரசனை உள்ளிழுக்கிறார். அது இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து, இருக்கும் நேரத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகிறது. கீழே இருக்கும்வரை அது எந்தத் தொல்லையும் தராது. சட்டென மேலே வரும்போதுதான், கரைந்திருந்த வாயு நுரையீரல் வழியே வெளியேற நேரமின்றி, இருந்த இடத்திலேயே குமிழிகளாகப் பிரிகிறது. மருத்துவம் இதை அமுக்கத் தளர்ச்சி நோய் என்று வகைப்படுத்துகிறது.

மூட்டை ஏன் அது தேடிப் பிடிக்கிறது என்பதற்கு, மன்னார்ப் பெருநிலத்தின் கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால்களைக் கண்டவர்களுக்கு விளக்கம் எளிது. மதகைத் திறந்தால் தலைமடை வயல் உடனே நிறையும். கடைமடைக்கு நீர் போய்ச் சேரப் பொழுதாகும். அவ்வாறு சேர்ந்த நீர் வடிவதற்கும் பொழுதாகும். மூளையும் சிறுநீரகமும் இதயமும் இரத்தம் பாய்ந்தோடும் தலைமடை. அவற்றில் நைதரசன் சில நிமிடங்களில் நிறைந்து, சில நிமிடங்களில் வடிந்துவிடும். தசைநாண், மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார், குருத்தெலும்பு ஆகியவை இரத்த ஓட்டம் மிகக் குறைந்த கடைமடை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிலிண்டர்கள் இறங்கியவரின் மூட்டைச் சூழ்ந்த திசுக்களில் சிறுகச் சிறுகச் சேர்ந்த நைதரசன், அவர் படகில் ஏறி அட்டைகளைக் கொட்டி எண்ணிக்கொண்டிருக்கும்போதும் வடிந்து முடிந்திருக்காது. அங்கே தோன்றும் குமிழிகள் திசுவை விரித்து நரம்பு முனைகளை அழுத்துவதே வலியின் முதன்மைக் காரணம் எனக் கருதப்படுகிறது. மூட்டு நோவெல்லாம் 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லும் நம் வழக்கு, இந்த ஒரு நோயைப் பொறுத்தவரை சொல்லளவில் மெய்யாகவே பொருந்திவிடுகிறது. ஆனால் மற்ற வாயுப் பிடிப்புக்குச் செய்யும் வைத்தியம் இதற்குச் சற்றும் பொருந்தாது.

உண்மையில் இந்நோயை உலகம் முதலில் அறிந்ததே மூட்டுவலியாகத்தான். 1840களில் பிரான்சில், நீர் உட்புகாமல் இருக்கக் காற்றை அமுக்கி நிரப்பிய சுரங்கக் கூண்டுகளில் வேலைசெய்து வெளியே வந்தவர்களின் கைகால் மூட்டுகளில் வலி எழுந்ததைத் திரிஷே என்ற பொறியியலாளர் குறித்து வைத்தார். 1870களில் அமெரிக்காவின் பெரும் பாலங்களுக்கு ஆற்றடியில் அடித்தளம் தோண்டியவர்கள் வலியால் உடல் வளைந்து நடந்ததைக் கண்டு, சக தொழிலாளர்கள் அதற்கு 'பெண்ட்ஸ்', அதாவது வளைவு, என்றே பெயரிட்டனர். புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியியலாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் இதனால் முடங்கிப் போனார். குமிழியே காரணம் என்பதை 1878இல் பிரெஞ்சு உடலியலாளர் போல் பேர் நிறுவினார். மெல்ல மெல்லப் படிப்படியாக ஏறினால் இதைத் தவிர்க்கலாம் என்ற அட்டவணையை 1908இல் பிரித்தானியக் கடற்படைக்காக ஜோன் ஸ்கொட் ஹோல்டேனும் அவர் துணைவர்களும் ஆக்கித் தந்தனர். அவர்கள் சோதித்தது ஆடுகளை; அமுக்க அறையிலிருந்து வெளியே வந்த ஆடு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டால், அதற்கு மூட்டுவலி கண்டுவிட்டது என்று கொண்டனர். வாய் பேசாத உயிர் தூக்கிக் காட்டிய அந்தக் காலிலிருந்தே இன்றைய சுழியோடும் அட்டவணைகளும் மணிக்கட்டுக் கணினிகளும் பிறந்தன.

சுழியோடியின் வலி பெரும்பாலும் தோளில், அடுத்ததாக முழங்கையில் வருகிறது. அமுக்கக் கூண்டில் நின்று வேலைசெய்தவர்களுக்கோ முழங்காலில் வந்தது. மேலே வந்த ஒரு மணி நேரத்துக்குள் பலருக்கும், ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பாலோர்க்கும் அது தெரிந்துவிடும். சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கும்போது தோளின் உள்ளே எங்கோ ஒரு மந்தமான குடைச்சல் இருப்பதாக முதலில் தோன்றும். சிறிது நேரத்தில் அது பல்வலியைப் போல இடைவிடாது குடையத் தொடங்கும். தொட்டுப் பார்த்தால் வீக்கம் இராது, சிவந்திராது, அழுத்தினால் கூடுதலாக நோகாது. எப்படிப் படுத்தாலும் எப்படிப் பிடித்தாலும் தீராது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அந்த மூட்டைச் சுற்றிக் கட்டிக் காற்றடைக்கும்போது சிலருக்கு வலி குறைவதுண்டு. அது குமிழியைச் சந்தேகிக்க உதவும் ஒரு குறிப்பு; குறையாவிட்டால் நோய் இல்லை என்று பொருளாகாது.

மற்ற வலிகள் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஆடும் படகில் பதினைந்து கிலோ அளவான சிலிண்டரைத் தூக்கியதால் பிசகிய தசை, அசைக்கும்போது நோகும், அசைக்காவிட்டால் அடங்கும், ஒரு புள்ளியில் விரல் வைத்தால் சுருக்கென்று காட்டும். தேய்ந்த முழங்கால் காலையில் எழும்போது இறுகி, நடக்க நடக்க இளகும். 2006 இறுதியில் இலங்கையைப் பெரிதாகத் தாக்கிய சிக்குன்குனியாவைப் போன்ற காய்ச்சல்கள், இரு பக்க மூட்டுகளையும் பற்றி மாதக்கணக்கில் விடாமல் நிற்கும். இவ்வாறான பழைய வலியுள்ளவர் சுழியோடலாமா என்றால், மருத்துவர் பார்த்து அனுமதித்தால் பலரும் சுழியோடலாம். நீருக்குள் உடல்பாரம் இல்லாமல் போவதால், கரையில் நோகும் முழங்கால் கடலுக்குள் நோகாதிருப்பதும் உண்டு. துன்பம் பெரும்பாலும் படகில்தான்: சிலிண்டரை நீரிலேயே கழற்றி மேலே இருப்பவரிடம் கொடுத்துவிட்டு ஏறுவது, இடுப்பு ஈயக்கட்டிகளைத் தனியே கழற்றுவது, விறைப்பான துடுப்புக் காலணிக்குப் பதில் இளக்கமானதை அணிவது போன்ற சிறு ஏற்பாடுகளே மூட்டைக் காக்கும். இவற்றைவிட முக்கியமானது, இறங்குவதற்கு முன் எந்த மூட்டு எவ்வளவு நோகிறது என்பதைத் துணைவரிடம் சொல்லி வைப்பது. மேலே வந்தபின் எழும் வலி பழையதா புதியதா என்ற கேள்விக்கு விடை அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. வலிமாத்திரையை விழுங்கிவிட்டு இறங்குபவர், அந்த விடையையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறார்.

இனி, சிலிண்டர் கணக்கு. ஏறத்தாழ 12 லீற்றர் கொள்ளளவும் வளிமண்டலத்தைப் போல் 200 மடங்கு அமுக்கமும் கொண்ட ஒரு சிலிண்டரில் 2,400 லீற்றர் காற்று உண்டு. கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவர், 20 மீற்றர் ஆழத்தில் 60 லீற்றர் செலவழிப்பதால், அது 40 நிமிடங்களில் தீரும். இடைநிறுத்தமின்றி ஏறுவதற்கு அட்டவணைகள் அந்த ஆழத்தில் அனுமதிக்கும் நேரமும் 45 நிமிடத்தை ஒட்டியதே. ஆகவே முதல் சிலிண்டர் தானாகவே அவரைக் காப்பாற்றிவிடுகிறது. அந்தப் பாதுகாப்பு அவர் அறிவால் வந்ததன்று, காற்றுத் தீர்ந்ததால் வந்தது. போதிய ஓய்வின்றி இரண்டாம், மூன்றாம் சிலிண்டரோடு இறங்கும்போது, கடைமடையில் வடியாத நைதரசன்மேல் புதிய நைதரசன் ஏற, பாதுகாப்பு மறைந்துவிடுகிறது. ஆழம் 30 மீற்றரானால் முதல் சிலிண்டரே காப்பாற்றாது: காற்று 30 நிமிடம் வரை வரும், அட்டவணை தரும் நேரமோ 20 நிமிடமே. அட்டை ஆழத்துக்குப் போய்விட்டது என்று சொல்லிப் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியும் சுழியோடியும் இன்னும் பத்து மீற்றர் கீழே இறங்கத் துணியும்போது, மாறுவது இந்தக் கணக்குத்தான்.

ஏறும் வேகத்திலும் கடைசிப் பத்து மீற்றரே கொடியது, ஏனெனில் 30 மீற்றரிலிருந்து 20க்கு வரும்போது குமிழி மூன்றிலொரு பங்கு மட்டுமே பெருக்க, 10 மீற்றரிலிருந்து மேலே வரும்போது இரு மடங்காகிறது. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடமாவது நின்று வருவது உலகெங்கும் கற்பிக்கப்படும் வழக்கம். அன்றைய நாளின் ஆழமான இறக்கத்தை முதலில் வைத்துக்கொள்வதும், இடையில் நிழலில் நீண்ட ஓய்வெடுப்பதும், தண்ணீர் குடிப்பதும் அதோடு சேர்ந்தவை. உடலில் நீர் வற்றினால் இரத்த ஓட்டம் குறைந்து வாயு வெளியேறுவது தாமதமாகும். மன்னாரின் வெயிலில் விடியற்காலை முதல் தண்ணீர் படாத நோன்பு நாட்களில் ஆழத் தொழிலை ஒதுக்கி வைப்பது நல்லது. வலி கண்டுவிட்டவருக்கு நோன்பை விடுவதற்குச் சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது.

வலியை அலட்சியம் செய்தவர்களின் எலும்பில் ஆண்டுகள் கழித்து வெளிப்படும் கேடு ஒன்றும் உண்டு. தோள், தொடை எலும்புகளின் தலைப்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் அடைபட்டு, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். வலியில்லாமல் மாதங்கள் கழியும். பின்பு பந்துபோன்ற அந்தத் தலை இடிந்து, மூட்டு நிரந்தரமாகக் கெடும். அட்டவணை பாராமல் நீண்ட நேரம் ஆழத்தில் வேலைசெய்த யப்பானியக் கடற்றொழிலாளர்களிடையே 1970களில் நடந்த ஆய்வில் ஏறத்தாழப் பாதிப்பேரின் எலும்பில் இச்சிதைவு காணப்பட்டது. ஹொண்டூராஸ் நாட்டின் மிஸ்கித்தோக் கரையில் சிங்கி இறாலுக்காகச் சுழியோடி முடங்கிய இளைஞர்களின் நிலை இன்னும் துயரமானது. அவர்களில் பலரின் முதுகுத்தண்டையே குமிழி தாக்கியது.

அதனால்தான் மூட்டுவலியை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடக்கூடாது. வலியோடு காலில் ஊசி குத்துவதுபோல் மரத்தல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் போகாமை, இடுப்பைச் சுற்றி வார் கட்டியதுபோன்ற இறுக்கம், தலைச்சுற்றல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், குமிழி நரம்பு மண்டலத்துக்கோ நுரையீரலுக்கோ எட்டிவிட்டது என்று கொள்ள வேண்டும். எந்த நிலையிலும் முதலில் தர வேண்டியது தூய ஒட்சிசன். இறுக்கமான முகமூடி வழியே அதைச் சுவாசிக்கும்போது, நுரையீரலில் நைதரசன் இல்லாததால் உடலில் தேங்கியது வேகமாக வடிகிறது. நோயாளியை மல்லாத்திப் படுக்க வைத்து, நினைவிருந்தால் தண்ணீர் கொடுத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒட்சிசனால் வலி நின்றுவிட்டது என்று பாதி வழியில் திரும்பிவிடக்கூடாது. குமிழி சுருங்கியதே ஒழிய, நோய் முடிந்ததாகாது. சூடான ஒத்தணமும் உருவிவிடுதலும் இரண்டு பனடோலும் வீணாக்குவது நேரத்தையே. இவற்றைவிட ஆபத்தானது, வலித்தவர் இன்னொரு சிலிண்டரை மாட்டிக்கொண்டு மீண்டும் கடலுக்குள் இறங்குவது. சுழியோடும் ஊர்கள் பலவற்றில் உள்ள வழக்கம் இது. கீழே போனதும் வலி மறையும் என்பது மெய்தான். ஆனால் அங்கே மீண்டும் நைதரசனையே சுவாசித்து, முன்னிலும் மிகுந்த சுமையோடு மேலே வருபவர், வலியோடு போய் வாதத்தோடு திரும்புவதுண்டு.

முறையான சிகிச்சை மீளமுக்க அறை எனப்படும் உருக்குக் கூண்டில் நடக்கிறது. நோயாளியை அதற்குள் வைத்து, 18 மீற்றர் ஆழத்துக்கு நிகரான அமுக்கத்தை ஏற்படுத்தி, இடைவெளி விட்டு ஒட்சிசன் கொடுத்து, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் மெல்ல மெல்ல அமுக்கத்தைத் தளர்த்துவார்கள். தோள்வலி மட்டும் உள்ளவர் பலர் முதல் சில நிமிடங்களிலேயே நிம்மதி அடைகின்றனர். ஒரு நாள், இரு நாள் பிந்தி வந்தவருக்கும் அது பயன் தருவதுண்டு என்பதால், காலம் கடந்துவிட்டதென்று வீட்டில் இருந்துவிட வேண்டியதில்லை. இலங்கைக் கடற்படையின் அத்தகைய அறை திருகோணமலையில் இருக்கிறது. மன்னாரிலிருந்து வவுனியா வழியாக இலங்கையின் அகலம் முழுவதையும் கடந்து போக வேண்டிய அந்தப் பல மணி நேரப் பயணத்தில், வண்டியில் ஒட்சிசன் இருப்பதும் இல்லாததுமே நடையையும் முடத்தையும் தீர்மானிக்கின்றன. வழி முழுதும் தாழ்நிலம் என்பது ஒரு நல்வாய்ப்பு; உயரம் கூடக் கூட வளியமுக்கம் குறைந்து குமிழி பெருக்கும் என்பதால், சுழியோடிய அன்றே நுவரெலியாவுக்குப் பேருந்தேறுவதும், ஒரு முறை சுழியோடியவர் 12 மணி நேரத்துக்குள்ளும் பல முறை சுழியோடியவர் 18 மணி நேரத்துக்குள்ளும் விமானம் ஏறுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

ஒவ்வொரு படகிலும் ஓர் ஒட்சிசன் சிலிண்டரும் முகமூடியும் இருப்பது, அட்டை ஏற்றுமதியில் புழங்கும் பணத்தோடு ஒப்பிட்டால் பெருஞ்செலவன்று. சுழியோடியின் மூச்சில் ஓடும் தொழிலிலிருந்து வருவாய் பெறும் சம்மாட்டிகளும் முகவர்களும் அனுமதிப்பத்திரம் வழங்குவோரும் இதை நிபந்தனையாகவே ஆக்க வேண்டும். அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு வாடிகளில் ஒட்டி வைப்பதும் அவர்கள் கடமையே.

அதுவரை, வலி கண்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் உறவினர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்கும்போதும், மன்னார் வைத்தியசாலையின் வாசலில் இறங்கும்போதும், மூட்டுநோவு என்று மட்டும் சொல்லாமல், சிலிண்டரோடு சுழியோடியவர் என்பதையும், எத்தனை மீற்றர் ஆழம், எத்தனை சிலிண்டர், எத்தனை மணிக்கு மேலே வந்தார், எத்தனை மணிக்கு வலி தொடங்கியது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.